ஆற்றல் அழியாது என்றால் ஃபேனை ஏன் அணைக்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: ஏழாவது படிக்கும் உங்கள் மகளின் அறிவியல் பாடத்தில், ‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது; ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற மட்டுமே முடியும்’ என்று வருகிறது. அதே பாடத்தின் கடைசியில் ‘மின் ஆற்றலைச் சேமிப்போம்’ என்றும் இருக்கிறது. “அழியவே அழியாதுன்னா எதுக்கும்மா சேமிக்கணும்?” என்று அவள் கேட்டிருக்கிறாள். என்ன பதில் சொல்வது?

முதலில் ஒன்று. அவள் பாடத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டதால்தான் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு அந்த இரண்டு வரிகளும் ஆளுக்கு ஒரு மதிப்பெண், அவ்வளவுதான். முரண்பாடு கண்ணில் படாது. பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற விஞ்ஞானி வில்லியம் தாம்சனே, வேலையும் வெப்பமும் ஒன்றாக மாறுவதை அளந்த ஜூல் என்பவரின் பேச்சை 1847இல் ஆக்ஸ்போர்டில் கேட்டுவிட்டு ஏறத்தாழ இதே இடத்தில்தான் குழம்பி நின்றார். எதுவும் அழிவதில்லை என்றால், சூடான பொருள் சும்மா ஆறிப்போகும்போது நாம் இழப்பது என்ன? 1850இல் ஜெர்மனியின் கிளாசியஸ் என்ற இயற்பியலாளர் அந்த முடிச்சை அவிழ்த்தார்.

சுருக்கமான பதில்: ஆற்றலின் அளவு குறையாது. ஆனால் நமக்கு வேலை செய்து தரும் தகுதி அதற்குக் குறைந்துகொண்டே போகும். நாம் காசு கொடுப்பது அந்தத் தகுதிக்குத்தான். இதை இப்படியே பிள்ளையிடம் சொன்னால் மனப்பாடத்துக்கு இன்னொரு வரி சேரும். அதனால் ஒரு உண்மையான இடத்தை எடுத்துக்கொண்டு, எண்களோடு பார்ப்போம்.

நீலகிரியில் பைக்காரா ஆறு இருக்கிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் படகில் போய்வரும் அதே பைக்காராதான். 1932இல் அங்கே நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கோயம்புத்தூரில் மில்கள் பெருகியதற்கு அந்த மின்சாரம் ஒரு முக்கியக் காரணம். மலைமேல் தேக்கிய தண்ணீர், இரும்புக் குழாய்களுக்குள் இறங்கி, கீழே முதுமலைப் பக்கம் உள்ள சிங்காரா மின்நிலையத்துக்கு வருகிறது. இறக்கம் 900 மீட்டருக்கும் மேல். கணக்குக்கு 900 என்றே வைத்துக்கொள்வோம்.

ஒரு டன் தண்ணீர், அதாவது ஆயிரம் லிட்டர், மேலே இருக்கிறது. அதன் நிலை ஆற்றல் எவ்வளவு? நிறையைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 ஆலும் உயரத்தாலும் பெருக்க வேண்டும். 1000 × 9.8 × 900. வருவது 88 லட்சத்து 20 ஆயிரம் ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு). நம் வீட்டு மீட்டர் கணக்கில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, மேலே நிற்கும் ஒவ்வொரு டன் தண்ணீரிலும் சுமார் இரண்டரை யூனிட் இருக்கிறது. குழாயின் உராய்வு, இயந்திரங்களின் இழப்பு எல்லாம் போக, கைக்கு இரண்டு யூனிட் தேறும்.

இப்போது வேறு மாதிரி யோசிப்போம். தண்ணீர் தள்ளிச் சுற்றும் சக்கரமான டர்பைனே இல்லை, அதே தண்ணீர் பாறைகளில் மோதி அருவியாகக் கீழே வந்துவிட்டது. அந்த 88 லட்சம் ஜூல் எங்கே போயிற்று? அழியாது என்று படித்தோமே. அது தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, வெப்பமாக. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4186 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 900 மீட்டர் விழுந்த தண்ணீர் சுமார் 2.1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கும். வழியில் காற்று, ஆவியாதல் எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன வித்தியாசத்தையும் மறைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அளவு ஆற்றல். உயரமாக இருந்தபோது இரண்டு யூனிட் மின்சாரம் தந்தது. 2 டிகிரி வெதுவெதுப்பாக மாறிய பிறகு? அந்தத் தண்ணீரை வைத்து ஒரு செல்போனைக்கூடச் சார்ஜ் செய்வது பெரும்பாடு. ஜூல் கணக்கில் ஒரு ஜூலும் குறையவில்லை. மகளின் கேள்விக்கான முழு விடையும் இந்த ஒரு டன் தண்ணீரில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மீதிப் பதில் முழுக்க இதன் விளக்கம்தான்.

ஏன் இப்படி? விழுகிற தண்ணீரில் கோடானுகோடி மூலக்கூறுகள் எல்லாம் ஒரே திசையில், கீழ்நோக்கி, சேர்ந்து போகின்றன. எதிரே ஒரு சக்கரத்தை வைத்தால் எல்லாம் சேர்ந்து அதைத் தள்ளும். மோதிச் சிதறியபின் அதே வேகம் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் தன்பாட்டுக்கு ஒரு திசையில் துள்ளுகிறது. வெப்பம் என்று நாம் சொல்வது இந்த ஒழுங்கற்ற துள்ளலைத்தான். ஒன்று இடப்பக்கம் தள்ளினால் இன்னொன்று வலப்பக்கம் தள்ளும். சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும். ஒரு மூட்டைக் கடுகைத் தெருவெல்லாம் இறைத்துவிட்டது போலத்தான். ஒரு கடுகும் குறையவில்லை, ஆனால் தாளிக்க முடியாது.

வடிவங்கள் பற்றிக் கொஞ்சம். பாடப்புத்தகத்தில் இயந்திர ஆற்றல், வெப்பம், ஒளி, ஒலி, மின், வேதி, அணுக்கரு என்று ஒரு பட்டியல் இருக்கும். பிள்ளைகள் அதைத் தனித்தனிப் பொருள்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அடியில் இருப்பது இரண்டுதான். நகர்வதால் இருப்பது, அமைந்திருக்கும் நிலையால் இருப்பது. வெப்பத்தில் பெரும்பகுதி மூலக்கூறுகளின் அசைவு. ஒலி, காற்றின் ஒழுங்கான அசைவு. வேதி ஆற்றல், அணுக்களும் எலெக்ட்ரான்களும் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஒருவகை நிலை ஆற்றல். ஒளி மட்டும் கொஞ்சம் தனி ரகம், மின்காந்தப் புலத்தில் பயணம் செய்வது. இங்கே பல புத்தகங்களிலும் நுழைந்துவிட்ட ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன்: ‘எரிபொருளின் வேதிப் பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது’ என்பார்கள். பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்கத்தான் வேண்டும். விறகும் ஆக்சிஜனும் பழைய பிணைப்புகளை விட்டுவிட்டு, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் இன்னும் இறுக்கமாகச் சேரும்போதுதான் ஆற்றல் வெளியே வருகிறது. அதனால் ‘விறகில் இருக்கும் ஆற்றல்’ என்பதுகூட முழுசாகச் சரியில்லை. விறகும் காற்றும் சேர்ந்த ஜோடியில் இருக்கும் ஆற்றல் அது.

பட்டியலை விட, மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குவது நல்லது என்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்ததில் எனக்குத் தெரிந்தது. எங்கிருந்து வந்தது? எந்த வழியாகக் கைமாறியது? கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது? முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் நடுவில்தான் அறிவியல் இருக்கிறது.

பைக்காராவுக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் மலைமேல் எப்படி வந்தது? வெயில் அரபிக்கடலை ஆவியாக்கியது, தென்மேற்குப் பருவக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு வந்து மலையில் கொட்டியது. ஒரு லிட்டர் கடல்நீரை ஆவியாக்கச் சூரியன் செலவழித்தது சுமார் 24 லட்சம் ஜூல். 900 மீட்டர் உயரமாக நமக்குக் கிடைப்பது லிட்டருக்கு 8,820 ஜூல்தான், அரை சதவீதம்கூட இல்லை. மீதி? நீராவி மேகமாகக் குளிர்ந்தபோது மேல்காற்றை வெப்பப்படுத்திவிட்டு அங்கேயே தங்கிவிட்டது. அந்த வெப்பம்தான் மழைமேகங்களை இன்னும் மேலே மேலே எழுப்புகிறது.

அப்புறம் குழாய். கீழே வரும்போது அழுத்தம் ஏறிக்கொண்டே போய், முனையில் உள்ள மூக்குக்குழாயிலிருந்து தண்ணீர் மணிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பீய்ச்சி அடிக்கும். எதிரே பெல்டன் சக்கரம். விளிம்பெல்லாம் இரட்டைக் கிண்ணங்கள் வைத்தது. இதில் ஒரு அழகான விஷயம் உண்டு. கிண்ணங்கள் தண்ணீரின் வேகத்தில் ஏறத்தாழ பாதி வேகத்தில் சுற்றும்படி வடிவமைப்பார்கள். அப்படிச் செய்தால், கிண்ணத்தில் மோதித் திரும்பும் தண்ணீர் கிட்டத்தட்ட நின்றுவிடும். அப்படியே தொப்பென்று கீழே விழும். எவ்வளவுக்கெவ்வளவு சோர்ந்து விழுகிறதோ அவ்வளவுக்கவ்வளவு தன் இயக்க ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டது என்று பொருள். ஆற்றல் கைமாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இயந்திரம் எனக்குத் தெரிந்து இல்லை.

தண்ணீர் எங்கேயும் போய்விடவில்லை என்பதையும் கவனியுங்கள். சிங்காராவை விட்டு வெளியேறிய அதே தண்ணீர் மாயாறு மின்நிலையத்தில் இன்னொரு முறை இறங்கி வேலை செய்துவிட்டு, பவானிசாகர் அணைக்குப் போய், வயலுக்குப் பாய்கிறது. செலவானது தண்ணீர் இல்லை, உயரம்.

சக்கரம் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. அங்கிருந்து கம்பி வழியாகக் கோவை வரை. இங்கே பெரியவர்களுக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு, மின்சாரம் என்பது கம்பிக்குள் ஓடிவந்து நம் வீட்டில் தீர்ந்துபோகும் ஏதோ ஒரு சரக்கு என்று. நம் வீட்டுக் கம்பியில் உள்ள எலெக்ட்ரான்கள் மின்நிலையத்திலிருந்து வந்தவை கிடையாது. அவை கம்பியிலேயே இருந்தவை. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் இம்மியளவு ஆடுகின்றன, அவ்வளவுதான். ஒன்றும் தீர்வதில்லை. ஆனால் கம்பியைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் ஆற்றலை ஒளியின் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் சுமந்துவருகின்றன. அதனால்தான் மின்சாரத்தை ஆற்றலின் மூலம் என்று சொல்லக்கூடாது. அது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆற்றலைக் கொண்டுபோகும் வழி. மிக நல்ல வழி. ஒரே குறை, அதை அப்படியே அடுக்கி வைக்க முடியாது. வால்பாறைப் பக்கத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே உள்ள மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றிவிட்டு, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இந்த மாதிரி நிலையங்களில் நான்கு யூனிட் போட்டால் மூன்று யூனிட் திரும்பி வரும். போன ஒரு யூனிட் குழாயையும் சுருள்களையும் சூடாக்கிவிட்டுக் காற்றோடு போய்விடும்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஃபேன்.

பழைய வகை சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். பைக்காரா கணக்கில் ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர் 900 மீட்டர் இறங்க வேண்டும். அந்த ஆற்றல் எங்கே போனது? ஃபேன் காற்றைத் தள்ளியது. காற்று சுவரிலும் மெத்தையிலும் உரசி வேகம் இழந்தது. அந்த அசைவு வெப்பமாயிற்று. மோட்டார் சூடானது, அதுவும் அறையில்தான். ‘விர்ர்’ என்ற ஓசைகூடச் சுவரில் பட்டு வெப்பமாகிவிட்டது. (ஒலியில் இருப்பது மிகச் சொற்பம். நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சின் ஒலித்திறன் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.) ஆகமொத்தம் 0.6 யூனிட்டும் அறையில் வெப்பமாகத்தான் முடிகிறது. பூட்டிய அறையில் ஃபேனை மட்டும் ஓடவிட்டால் அறை குளிராது, துளி சூடேறும். நமக்குக் குளிர்ச்சி தெரிவது, காற்று பட்டு வியர்வை ஆவியாகும்போது அது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால். ஆள் இல்லாத அறையில் வியர்வையும் இல்லை. ஆகவே ஆளில்லாத அறையில் ஓடும் ஃபேன் மலைமேல் இருந்த தண்ணீரைக் கீழே இறக்கி அறையை வெதுவெதுப்பாக்குவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. உங்கள் மகளுக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே போதும், அவளே போய் அணைப்பாள்.

வீட்டில் உள்ள மற்றதையும் இப்படியே தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். டிவி, பல்ப், மிக்ஸி, கிரைண்டர், எதை எடுத்தாலும் கடைசி ஊர் வெப்பம்தான். 60 வாட் குண்டு பல்பும் 9 வாட் எல்இடி பல்பும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம் தருகின்றன. வெளிச்சமும் சுவரில் பட்டு வெப்பமாகிறது. வித்தியாசம் என்ன? குண்டு பல்பில் பெரும்பகுதி நேராக வெப்பத்துக்குப் போய்விடுகிறது. எல்இடியில் நல்லதொரு பங்கு ஒளி என்ற வழியில் நமக்கு உதவிவிட்டுப் போகிறது. போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். வழியில் எவ்வளவு வேலை வாங்கினோம் என்பதில்தான் சிக்கனம் இருக்கிறது.

மிக்ஸியைச் சொன்னேன். இட்லி மாவை மிக்ஸியில் அரைத்தால் சூடாகிவிடும் என்று ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைப்பவர்கள் உண்டு அல்லவா? 1840களில் மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் செய்த பரிசோதனை அடிப்படையில் இதுவேதான். பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் துடுப்புச் சக்கரம், வெளியே கயிற்றில் எடைக்கற்கள். கல் இறங்கும்போது துடுப்பு சுற்றும், தண்ணீர் கலங்கும், சூடேறும். அந்தச் சூடு மிக மிகக் கொஞ்சம். நுணுக்கமான வெப்பமானி வைத்து, திரும்பத் திரும்ப எடையை ஏற்றி இறக்கி அளந்தார். அவர் குடும்பத் தொழில் பீர் வடித்தல். வெப்பநிலையை நுட்பமாக அளக்கும் பழக்கம் அங்கேயே இருந்தது. எந்த வழியில் சூடாக்கினாலும் அதே அளவு வேலைக்கு அதே அளவு வெப்பம் வந்தது. இன்றைய அளவில் சொன்னால், ஒரு கிலோ எடை 427 மீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாகும். அவர் கண்ட எண் இதற்கு மிக அருகில் இருந்தது. அதற்கு முன்பே 1798இல், மியூனிக்கில் பீரங்கிக் குழல் குடையும் பட்டறையில், மழுங்கிய குடைகருவி உராய்ந்தே தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியும் என்று ரம்ஃபோர்டு பிரபு காட்டியிருந்தார். வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு திரவம் என்று அதுவரை பலர் நம்பினார்கள். உராய உராயத் தீராமல் வந்துகொண்டே இருந்தால் அது எப்படித் திரவமாக இருக்க முடியும்?

427 மீட்டர் என்ற எண்ணை மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். ஒரு டிகிரி என்பது கையால் தொட்டுக்கூட உணர முடியாத சூடு. ஆனால் அதற்குள் ஒரு கிலோ எடையை ஒரு குன்றின் உச்சிக்கு ஏற்றும் அளவு ஆற்றல் இருக்கிறது.

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்கும். அவ்வளவு ஆற்றல் வெப்பத்தில் இருக்கிறது என்றால், அதையே திரும்ப எடுத்துக்கொள்ளலாமே? வங்காள விரிகுடா எவ்வளவு பெரியது! ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டிகிரி குளிர்ந்தாலே ஒரு யூனிட்டுக்கு மேல் கிடைக்குமே?

கிடைக்காது. வெப்பத்திலிருந்து வேலை வாங்க வேண்டுமானால், சூடான இடம் ஒன்று போதாது. குளிர்ந்த இடம் ஒன்றும் வேண்டும். வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்குப் போகும் வழியில்தான் அதில் ஒரு பங்கை நாம் வேலையாகப் பிடிக்க முடியும். எவ்வளவு பங்கு என்பதற்கு மேல்வரம்பு உண்டு. அதை 1824இலேயே பிரான்ஸின் சாடி கார்னோ என்ற இளம் பொறியாளர் கண்டுவிட்டார். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பங்கும் பெரிது. சுற்றிலும் ஒரே சூட்டில் இருக்கும் கடலில் பங்கு சுழியம். வித்தியாசம் இருந்தால் கடலும் உதவும். லட்சத்தீவின் கவரத்தியில், சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் ஒரு குடிநீர் ஆலை அமைத்தது. மேல்மட்டக் கடல்நீர் 28 டிகிரி அளவில் வெதுவெதுப்பு; சுமார் 350 மீட்டர் ஆழத்து நீர் 12 டிகிரி அளவில் குளிர்ச்சி. மேல்நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்நீரின் குளிரால் அந்த ஆவியைத் திரும்ப நீராக்கினால் உப்பில்லாத தண்ணீர், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும்தான். ஆனால் ஆவியாக்கும் வேலையைச் செய்வது அந்த 16 டிகிரி வித்தியாசம்.

இந்த மேல்வரம்பை நெய்வேலியில் நேரடியாகவே பார்க்கலாம். 1962 முதல் அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிந்தால் வரும் வெப்பம் ஏறத்தாழ மூன்று யூனிட் அளவு. அதிலிருந்து கிடைக்கும் மின்சாரம் ஒரு யூனிட். மீதி இரண்டும் எங்கே? புகைபோக்கி வழியாகக் கொஞ்சம். பெரும்பகுதி, தூரத்திலிருந்தே தெரியும் இடுப்பு சிறுத்த கான்கிரீட் கோபுரங்கள் வழியாக. அவற்றின் மேலே எழும் வெள்ளைப் படலத்தைப் புகை என்று பலர் நினைக்கிறார்கள்; அது நீராவி குளிர்ந்த துளிகள். டர்பைனைச் சுற்றிவிட்டு வந்த நீராவியைத் திரும்பத் தண்ணீராக்க அந்த வெப்பத்தைக் காற்றில் விட்டே ஆக வேண்டும். 540 டிகிரி செல்சியஸ் நீராவியில் தொடங்கி 40 டிகிரியில் முடியும் இயந்திரத்துக்குக் கார்னோவின் கணக்கு தரும் உச்சவரம்பே 61 சதவீதம்தான். உண்மையான இயந்திரம் அதற்கும் கீழே நிற்கிறது. இது பொறியாளர்களின் கவனக்குறைவு இல்லை, இயற்கையின் வரம்பு. நீர்மின் நிலையத்துக்கு இந்த வரம்பு கிடையாது. அங்கே வெப்பம் என்ற படியே நடுவில் வருவதில்லை. அதனால்தான் பைக்காராவில் 80 சதவீதத்துக்கு மேல் தேறுகிறது.

இதிலிருந்து வீட்டுக்கு நேரான ஒரு முடிவு வருகிறது. நிலக்கரியை எரித்து, மூன்றில் இரண்டு பங்கை இழந்து, மின்சாரமாக்கி, அதை வீட்டு கீசரில் போட்டு மறுபடி வெப்பமாக்குவது, ஆற்றலைப் பயன்படுத்தும் வழிகளிலேயே மிக வீணான ஒன்று. குளிக்க 40 டிகிரி போதும். மொட்டை மாடியில் ஒரு சூரிய வெந்நீர்க் கலம் அதைத் தரும். மின்சாரத்தை மோட்டாருக்கும் விளக்குக்கும் கணினிக்கும் வைத்துக்கொள்ளலாம். ஏசி, ஃப்ரிட்ஜ் ரகம் வேறு: அவை வெப்பத்தை உண்டாக்குவதற்காக இல்லை, இடம் மாற்றுவதற்காக. ஒரு யூனிட் செலவில் மூன்று யூனிட் அளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளும் ஏசி சாதாரணம்.

வெப்பம் கைமாறும் மூன்று வழிகள் (கடத்தல், சலனம், கதிர்வீச்சு) அவள் பாடத்தில் இருக்கும். ஒரு தோசைக்கல்லே மூன்றையும் காட்டிவிடும். கல்லின் அடியிலிருந்து மாவுக்கு வருவது கடத்தல்; கல்லுக்கு மேலே எழும் சூடான காற்று சலனம்; கல்லுக்குப் பக்கவாட்டில் தொடாமல் கையை நீட்டினால் சுடுவது கதிர்வீச்சு. வெற்றிடத்தையும் தாண்டுவது கடைசியது மட்டுமே. சூரியனிலிருந்து ஆற்றல் வருவதும் அப்படித்தான், நம் ஃபேனும் அடுப்பும் பரப்பிய வெப்பம் கடைசியில் பூமியை விட்டு அகச்சிவப்புக் கதிராக வெளியேறுவதும் அப்படித்தான். வந்த அளவும் போகும் அளவும் ஏறத்தாழச் சமம். வருவது சூடான சூரியனிலிருந்து வரும் ஒளி. போவது மந்தமான வெப்பக்கதிர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில்தான் மழை, மரம், பைக்காரா, நாம் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நெய்வேலியின் நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய வெயிலில் வளர்ந்த காடுதான். மறுபடி உருவாக அவ்வளவு காலம் பிடிக்கும் என்பதால்தான் அதைச் சிக்கனமாக எடுக்கச் சொல்கிறோம்.

பரீட்சையில் அவள் புத்தகத்து வரியை அப்படியே எழுதட்டும். அது சரியான வரி. வீட்டில் மட்டும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் மின் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று எழுதியிருக்கும். 3200 என்றிருந்தால், ஒரு மினுக்கு என்பது 1125 ஜூல். மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு 75 வாட் ஃபேனை மட்டும் போட்டால் 15 நொடிக்கு ஒரு முறை மினுக்கும். பிறகு ஃபேனை அணைத்துவிட்டு, எலெக்ட்ரிக் கெட்டிலில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதன் வெப்பநிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சமையலறை வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது. கெட்டிலைப் போட்டவுடன் ஒருவர் மீட்டரருகே நின்று எண்ண வேண்டும். விறுவிறுவென்று மினுக்கும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றத் தேவையானது 2 லட்சத்து 93 ஆயிரம் ஜூல், அதாவது 260 மினுக்கு. கொதி வந்து கெட்டில் தானாக அணையும்போது உங்கள் எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எவ்வளவு கூடுதல் என்று பார்த்துவிட்டு, அந்த மிச்ச ஜூல்கள் எங்கே போயிருக்கும் என்று அவளையே தேடச் சொல்லுங்கள். கெட்டிலின் உடலைத் தொடாமல், பக்கத்தில் கையைக் காட்டிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மூடியிலிருந்து வரும் ஆவியில் மீதி இருக்கிறது.